கூட்டில் யாரைச் சேர்ப்பது?

ஐக்கிய அமெரிக்காவிலே 'அத்திலாந்திக் கரையோரக் கூட்டு' என ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்கள் தம்முள் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் பொருட்டு அமைத்துக்கொண்ட சங்கம் அது. அதன் உறுப்பினருள் இரண்டு, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும், அத்திலாந்திக் சமுத்திரத்தை அடுத்து இருப்பன அல்ல; கண்டத்தின் மறுகோடியில், பசுபிக் கரையை அடுத்து இருப்பன. 'பெரும்பத்து' எனப் பொருள்படும் பெயருடைய இன்னொரு கூட்டில் 2024ஆம் ஆண்டு முதல் 18 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 'பெரும்பன்னிரண்டு' எனப்படுவதில் 16. எண்ணத் தெரியாதவர்கள் வைத்த பெயர்கள் அல்ல இவை. வைத்த காலத்தில் அவை பொருத்தமாகவே இருந்தன. பெயரை விட்டுப் பொருள் இத்துணைத் தூரம் விலகிப்போனது எவ்வாறு என்று ஆராயப் புகுவோர், ஒரு கூட்டு புதியதோர் உறுப்பினரைச் சேர்க்கும்போது எதனை அளந்து பார்க்கின்றது என்னும் கேள்விக்கே வந்து சேர்வர்.

பல்கலைக்கழக விளையாட்டு என்றதும், விரிவுரைகள் முடிந்த மாலைப்பொழுதிலே சில நூறு மாணவர் மைதானத்தைச் சூழ்ந்து நின்று கைதட்டும் காட்சியே நேயர்களின் மனக்கண்ணில் தோன்றக்கூடும். அமெரிக்காவில் நிலைமை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்கில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமர்வதற்கு இடமுண்டு; இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அது நிறைந்துவிடும். அங்கே ஆடப்படுவது அமெரிக்க உதைபந்தாட்டம். பெயரில் உதை இருப்பினும், பெரும்பாலும் பந்தைக் கையாற் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. கூடைப்பந்தாட்டம் அதற்கு அடுத்தபடி. இவ்விரண்டும் ஈட்டும் பணத்திலேதான் நீச்சல், கரப்பந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டி முதலிய ஏனைய விளையாட்டுக்கள் பெரும்பாலும் உயிர்வாழ்கின்றன. 'கொன்பரன்ஸ்' என அந்நாட்டார் வழங்கும் கூட்டுக்கள் ஆட்ட அட்டவணையை வகுக்கின்றன, விதிகளை இயற்றுகின்றன, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒளிபரப்புரிமையை மொத்தமாக விற்று, வரும் பணத்தை உறுப்பினரிடையே பங்கிடுகின்றன. கடைசியாகக் கூறிய தொழில் முன்னிரண்டையும் விழுங்கிவிட்டதே இக்கதையின் சாரம்.

தொடக்கம் இவ்வாறிருக்கவில்லை. 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆந் திகதி, சிக்காகோ நகரத்துப் பாமர் ஹவுஸ் ஹோட்டலிலே ஏழு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கூடினார்கள். அழைத்தவர் பேர்டியூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட். அக்காலத்தில் கல்லூரி அணிகளிலே கல்லூரிக்குச் சிறிதும் தொடர்பில்லாத கூலி ஆட்டக்காரர் புகுந்து விளையாடுவது சாதாரணமாயிருந்தது. மாணவனாகப் பதிவு செய்யப்பட்டவனே அணியில் ஆடலாம் என்பன போன்ற கட்டுப்பாடுகளை விதிப்பதே அத்தலைவர்களின் நோக்கம். மறு ஆண்டு, 1896 பெப்ரவரியில், பேராசிரியர் பிரதிநிதிகள் கூடி அமைத்த சங்கமே பிற்காலத்தில் பெரும்பத்து ஆயிற்று. 1899இல் இந்தியானாவையும் ஐயோவாவையும், 1912இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தையும் அது சேர்த்துக்கொண்டது. இவை யாவும் ஒரே நிலப்பகுதியில், புகையிரதத்திற் போய்வரக்கூடிய தூரத்தில், ஏறக்குறைய ஒரே தன்மையுடைய கல்விக்கூடங்களாய் இருந்தன. அண்மையும் ஒப்புமையுமே அளவுகோல்கள். அவற்றை எவரும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை.

அச்சங்கத்தைத் தோற்றுவித்த உறுப்பினருள் சிக்காகோப் பல்கலைக்கழகமும் ஒன்று என்பதை இன்று பலர் அறியார். சிறந்த கல்லூரி உதைபந்தாட்ட வீரருக்கு வழங்கப்படும் ஹைஸ்மன் பரிசின் முதலாவது வெற்றியாளர், 1935இல், அப்பல்கலைக்கழகத்து மாணவரான ஜே பெர்வாங்கரே. நான்காண்டுகளின் பின், தலைவர் ரொபேட் ஹட்சின்ஸ் காலத்தில், அப்பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்தையே கைவிட்டது. 1946இற் கூட்டிலிருந்தும் விலகிற்று. அதனால் அதன் கல்விப் புகழுக்கு யாதொரு குறையும் நேரவில்லை. விலகினால் அழிந்துபோவோம் என்று அஞ்சுவோர் இதனைச் சற்றே நினைத்துப் பார்த்தல் தகும். ஆயினும் அவ்வழியைப் பின்பற்றிய பெரிய பல்கலைக்கழகங்கள் மிகச் சிலவே. 1954இல் முறையாக ஒன்றுகூடிய ஐவி கூட்டின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் வேறொரு வழியைக் கண்டன. ஹாவர்ட், யேல் முதலிய அவை அன்றும் எட்டு, இன்றும் எட்டு. எவரையும் சேர்ப்பதில்லை என்பதே அவற்றின் விடை.

மற்றக் கூட்டுக்களின் போக்கை மாற்றியது ஒரு வழக்கு. 1950களின் தொடக்கத்திலிருந்து, கல்லூரி உதைபந்தாட்டத்தில் எந்த ஆட்டம் தொலைக்காட்சியிற் காட்டப்படலாம், ஓர் அணி எத்தனை தடவை தோன்றலாம் என்பவற்றையெல்லாம் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒன்றே தீர்மானித்து வந்தது. அரங்குகளுக்கு வருவோர் தொகை குறைந்துவிடும் என்ற அச்சமே அக்கட்டுப்பாட்டுக்குக் காரணமாகக் கூறப்பட்டது. ஒக்லஹோமா, ஜோர்ஜியா ஆகிய இரு பல்கலைக்கழகங்கள் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1984 ஜூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், நீதியரசர் எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக நின்று, அக்கட்டுப்பாடு வர்த்தகப் போட்டியைத் தடுக்கும் சட்டவிரோதச் செயல் எனத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட இருவருள் ஒருவரான பைரன் வைட், தம் இளமையிற் கொலராடோப் பல்கலைக்கழக அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரராய் விளங்கியவர். பணம் ஈட்டுவதையே நோக்காகக் கொண்ட வர்த்தக நிறுவனங்களைப் போலக் கல்லூரிகளை மதித்துவிடலாகாது என்பது அவர் கருத்தின் சாரம். சட்டத்தில் அவர் தோற்றார். ஆனால், கல்லூரிகள் பின்னர் எவ்வாறு நடக்கும் என்பதை உணர்ந்தவர் அவரே என்று சொல்லுதல் மிகையாகாது.

தீர்ப்பின் பின் ஒளிபரப்புரிமை கடைச்சரக்காயிற்று. தனித்து விற்பதினும் கூடி விற்பது இலாபம். ஆதலால் விற்பனையாளன் என்ற தகுதி கூட்டுக்களுக்கு வந்துசேர்ந்தது. அதனோடு ஒரு கணக்கும் வந்தது. ஒரு கூட்டில் பத்து உறுப்பினர், அதன் ஆண்டு வருமானம் 30 கோடி டொலர் எனக் கொள்வோம். ஒருவருக்கு 3 கோடி. பதினோராவது உறுப்பினரைச் சேர்த்தால் வருமானம் 32 கோடியாகும் எனின், கூட்டின் மொத்தம் பெருகுகின்றது. ஆனால் ஒருவருக்குரிய பங்கு 3 கோடியிலிருந்து 2 கோடியே 91 இலட்சத்துக்கு இறங்கிவிடுகின்றது. எனவே புதியவர் கொண்டுவரும் வருமானம் பழைய பங்கினும் மேற்பட்டதாய் இருத்தல் வேண்டும். அன்றேல் அவரைச் சேர்ப்பதற்குப் பழையவர் கைதூக்கார். புதியவர் சிறந்த பல்கலைக்கழகமா, நல்ல அயலவரா, நூறாண்டுப் பகையும் நட்பும் உடையவரா என்பனவெல்லாம் இந்த வகுத்தற் கணக்குக்கு வெளியே நிற்பவை. கூட்டுத் தலைவர்கள் வழங்கும் நீண்ட அறிக்கைகளில் எத்தனை இலட்சியச் சொற்கள் நிறைந்திருப்பினும், அவற்றின் அடியில் இருப்பது இக்கணக்கே.

இதற்குத் துணையாய் இன்னொரு விதியும் அமைந்தது. 12 உறுப்பினரைக் கொண்ட ஒரு கூட்டு, தன்னை இரு பிரிவுகளாக வகுத்து, பிரிவு முதல்வர் இருவரும் மோதும் இறுதியாட்டம் ஒன்றை நடத்தலாம் என 1980களின் பிற்பகுதியில் இடமளிக்கப்பட்டது. தென்கிழக்குக் கூட்டு அதனைப் பற்றிக்கொண்டு, ஆர்க்கன்சோவையும் தென் கரோலினாவையும் சேர்த்து 12 ஆகி, 1992இல் முதலாவது இறுதியாட்டத்தை நடத்திற்று. அவ்வொரு நாளில் வந்த வருமானத்தைக் கண்டு மற்றக் கூட்டுக்களும் 12 என்னும் எண்ணை நாடின.

ஆர்க்கன்சோ விட்டு வந்தது தென்மேற்குக் கூட்டை. 1914இல் அமைக்கப்பட்ட அக்கூட்டில் ஆர்க்கன்சோ போனபின் எஞ்சியவை யாவும் டெக்சாஸ் மாநிலத்தவையே. 1996இல் அக்கூட்டு மறைந்தது. டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அன்ட் எம், டெக்சாஸ் டெக், பெய்லர் என்னும் நான்கும் வடக்கேயுள்ள எட்டுப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து பெரும்பன்னிரண்டு ஆயின. ஹூஸ்டன், ரைஸ், தென் மெதடிஸ்த பல்கலைக்கழகம், டெக்சாஸ் கிறிஸ்தவ பல்கலைக்கழகம் என்னும் நான்கும் வெளியே நின்றன. டெக்சாஸ் கிறிஸ்தவ பல்கலைக்கழகம் மீண்டும் பழைய அயலவரோடு சேர 2012ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. ஹூஸ்டன் 2023ஆம் ஆண்டு வரை. ரைஸ் பெருங்கூட்டு எதிலும் சேரவேயில்லை. தென் மெதடிஸ்த பல்கலைக்கழகத்தின் கதை பின்னர் வரும்.

வெளியே நின்ற நால்வருள் ஹூஸ்டனை விட்டு மற்றை மூன்றையும் அணைத்துக்கொண்டது மேற்கு மலைப்பிரதேசத்திலிருந்த மேற்றிசைக் கூட்டு. அதன் முடிவு தனியே எடுத்துரைக்கத் தக்கது. 1996இல் அது ஒரேயடியாகப் பத்திலிருந்து 16 ஆகப் பெருகிற்று. ஹவாய்த் தீவு தொடக்கம் ஒக்லஹோமா மாநிலத்துத் தல்சா வரை அதன் எல்லை நீண்டது. பதினாறு அணிகளும் ஒன்றோடொன்று ஆட ஒரு பருவம் போதாது. ஆகவே நான்கு நான்காகப் பிரித்து, அந்நான்குகளுட் சிலவற்றைக் காலத்துக்குக் காலம் மாற்றிக் கோத்தார்கள். எந்த அணி எந்த ஆண்டில் எவரோடு ஆடும் என்பதை அனுபவசாலியான இரசிகரும் விளக்க மாட்டாது தவித்தனர். பழைய அயலவர் ஆண்டுதோறும் சந்திக்கும் உறுதி போயிற்று. பயணச் செலவு ஏறிற்று. எதிர்பார்த்த தொலைக்காட்சிப் பணமோ வந்துசேரவில்லை. 1998இல் பல்கலைக்கழகத் தலைவர்கள் சிலர் டென்வர் விமான நிலையத்திலே சந்தித்துப் பேசினர். எட்டுப் பல்கலைக்கழகங்கள் விலகி, 1999இல் மலைமேற்குக் கூட்டு என்னும் புதிய சங்கத்தைத் தொடங்கின. மூன்றே ஆண்டுகளில் அப்பெருமாளிகை இரண்டாகப் பிளந்தது. அளவுக்கு மீறிச் சேர்ப்பதால் வரும் தீங்கை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் தேடினாலுங் கிடைப்பது அரிது. ஆயினும் கால் நூற்றாண்டின் பின் பெருங்கூட்டுக்கள் அதே வழியிற் சென்றன. அவற்றிடம் அப்போது பணம் இருந்தது என்பதே வேறுபாடு.

அப்பணம் வந்த விதம் நூதனமானது. 2007இல் பெரும்பத்து தனக்கென ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கிற்று. கம்பிவழித் தொலைக்காட்சி பெறும் வீடுகள் ஒவ்வொரு மாதமும் கட்டணஞ் செலுத்தும். அதில் ஒரு பகுதி அவ்வலைவரிசைக்குப் போகும். கூட்டின் உறுப்பினர் உள்ள மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு உயர்ந்த கட்டணம். ஏனைய இடங்களிற் குறைந்த கட்டணம். அவ்வீட்டார் ஆட்டத்தைப் பார்த்தாலென்ன, பாராவிட்டாலென்ன, பணம் வந்துகொண்டேயிருக்கும். இப்பொழுது 2014ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்ட இரு பல்கலைக்கழகங்களை நோக்குவோம். நியூ ஜேர்சியிலுள்ள ரட்கேர்ஸ் உதைபந்தாட்டத்திற் பெரும் புகழ் பெற்றதன்று. ஆனால் அதன் வாசலில் நியூயோர்க் நகரம் இருந்தது. மேரிலாந்தின் அருகிலோ வாஷிங்டனும் பல்ரிமோரும். சேர்க்கப்பட்டவை உண்மையில் அணிகள் அல்ல, வீடுகள்.

கம்பிவழிச் சந்தாவை மக்கள் கைவிடத் தொடங்கியதும் அவ்வளவுகோலும் பழையதாயிற்று. வீட்டுத் தொகையை விட்டு, நாடு முழுவதிலும் ஒரு அணியின் ஆட்டத்தைத் தாமாக விரும்பிப் பார்ப்போர் எத்தனை பேர் என்பதையே ஒளிபரப்பு நிறுவனங்கள் கணக்கெடுத்தன. 2014இல் ரட்கேர்ஸைத் தேர்ந்தெடுத்த காரணம் பத்தாண்டு கழித்து வலிமையிழந்தது. ஆயினும் ரட்கேர்ஸ் உறுப்பினராகவே இருக்கின்றது. ஒளிபரப்பு ஒப்பந்தம் ஆறேழு ஆண்டுகளில் முடியும்; உறுப்புரிமைக்கோ முடிவுத் திகதி இல்லை. குறுகிய காலக் கணக்கைக் கொண்டு நீண்ட கால உறவை முடிவுசெய்வது எத்தகைய துணிவு என்பதை இது புலப்படுத்துகின்றது.

பணம் ஒன்றே யாவும் என்று கூறுதலும் முழு உண்மையன்று. வேறு சில தராசுகளும் அவ்வப்போது வெளியே எடுக்கப்படுகின்றன. பெரும்பத்தினர் ஆராய்ச்சியிற் சிறந்த பல்கலைக்கழகங்களையே விரும்புவர். 1900இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தில் உறுப்புரிமை இருத்தல் ஒரு தகுதியாய்க் கருதப்பட்டு வந்தது. 2010இல் நெப்ராஸ்கா தெரிவுசெய்யப்பட்டபோது அவ்வுறுப்புரிமை அதற்கு இருந்தது. 2011 ஏப்ரலில் அதனை இழந்தது. ஜூலையிற் பெரும்பத்தில் முறையாகச் சேர்ந்தது. எவரும் அதனைத் திருப்பியனுப்பவில்லை. சமயமும் இடையே வருவதுண்டு. மோர்மன் திருச்சபையைச் சார்ந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகம் ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்விளையாட்டும் ஆடுவதில்லை. அதனைச் சேர்க்கும் கூட்டு தன் அட்டவணை முழுவதையும் அதற்கேற்ப வகுத்தல் வேண்டும்.

அரசியலின் கையும் சிறியதன்று. 2003இல் அத்திலாந்திக் கரையோரக் கூட்டு மயாமி, சிரக்கியூஸ், பொஸ்டன் கல்லூரி என்னும் மூன்றையும் அழைக்க முயன்றது. வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்தின் வாக்கு அதற்குத் தேவைப்பட்டது. அம்மாநில ஆளுநர் மார்க் வோர்னர், தம் மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழகமான வேர்ஜினியா டெக் வெளியே விடப்படலாகாது என்று வற்புறுத்தினார். விளைவு, பட்டியலில் இல்லாதிருந்த வேர்ஜினியா டெக் 2004இல் உள்ளே வந்தது. சிரக்கியூஸ் 2013ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் கல்விக்கூடம், தன் உடன்பிறப்பான மற்றொன்றைக் கைவிட்டுப் போகலாமா என்று ஒரு மாநில அரசு கேட்டதிற் பிழையேதும் இல்லை. உண்மையில், கேட்காதிருந்த அரசுகளே குறைகூறத் தக்கவை.

தெரிவு செய்யும் முறைக்கு ஓர் உதாரணம் பெரும்பன்னிரண்டு 2016இல் நடத்திய தேர்வு. அதன் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில், புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் பழையவருக்குரிய அதே அளவு பணத்தை நிறுவனங்கள் கூடுதலாகத் தரும் என்ற வாசகம் இருந்தது. மேலே காட்டிய வகுத்தற் கணக்கை வெல்வதற்கு இதனினும் இலகுவான வழி இல்லை. பல பல்கலைக்கழகங்கள் தம் பெருமைகளை அச்சிட்டு அனுப்பின. பதினொன்று நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டன. தேர்வாளர் முன் வேலைதேடும் பட்டதாரி நிற்பது போல, பல்லாயிரம் மாணவரைக் கொண்ட கலாபீடங்களின் தலைவர்கள் வந்து நின்றனர். தரவேண்டிய பணத்தை எண்ணி ஒளிபரப்பு நிறுவனங்களோ முகஞ்சுளித்தன. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில், எவரையும் சேர்ப்பதில்லை என்ற முடிவு வெளியாயிற்று. ஐந்தாண்டு கழிந்து, 2021இல் டெக்சாஸும் ஒக்லஹோமாவும் தென்கிழக்குக் கூட்டுக்குப் போவதாக அறிவித்தபோது, அதே பெரும்பன்னிரண்டு விரைந்து நான்கு பல்கலைக்கழகங்களை அழைத்தது: பிரிகாம் யங், சின்சினாட்டி, ஹூஸ்டன், மத்திய புளோரிடா. நான்கும் 2016இல் நேர்முகத் தேர்வுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பியவை. தகுதியில்லாதிருந்தவை ஐந்தாண்டில் தகுதி பெற்றன என்பதினும், தேவை வந்ததும் தகுதி தெரிந்தது என்பதே பொருந்தும்.

அதே 2021 ஆகஸ்டில், பசுபிக் கரையிலிருந்த கூட்டுக்கும் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. 1915இல் நான்கு பல்கலைக்கழகங்களோடு தோன்றி, காலத்துக்கேற்பப் பெயரும் உருவும் மாறி, 2011இல் 12 ஆகியிருந்த கூட்டு அது. பெரும்பன்னிரண்டு தடுமாறி நின்ற அவ்வேளையில் அதிலிருந்து எவரையேனும் அழைத்திருக்கலாம். ஆராய்ந்து பார்த்தபின், விரிவாக்கம் வேண்டியதில்லை என்று அறிவித்துவிட்டது. சேர்ப்பது மட்டுமன்று, சேர்க்காதிருப்பதும் ஒரு தெரிவே. 2022 ஜூன் 30இல், அக்கூட்டின் இரு தூண்களான தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமும் பெரும்பத்துக்குப் போவதாக அறிவித்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலே பெரும்பத்து மூன்று தொலைக்காட்சி நிறுவனங்களுடன் ஏழாண்டு ஒப்பந்தஞ் செய்தது. அதன் பெறுமதி 700 கோடி டொலருக்கு மேற்பட்டது எனப் பத்திரிகைகள் எழுதின. பசுபிக் கூட்டுக்கோ மறு ஆண்டு கிடைத்தது, பெரும்பாலும் இணையச் சந்தாவை நம்பிய ஒரு விலை. 2023 ஜூலை இறுதியிற் கொலராடோ பெரும்பன்னிரண்டுக்குத் திரும்பியது. ஆகஸ்ட் 4ஆந் திகதி ஒரே நாளில் ஒரேகனும் வாஷிங்டனும் பெரும்பத்துக்கும், அரிசோனா, அரிசோனா மாநிலம், யூட்டா என்னும் மூன்றும் பெரும்பன்னிரண்டுக்கும் போயின. எந்தக் கூட்டிலிருந்து ஆளெடுக்க வேண்டியதில்லை என்று 2021இல் முடிவு செய்யப்பட்டதோ, அக்கூட்டே நால்வரை எடுத்துக்கொண்டது.

எஞ்சிய நான்கினுள் ஸ்டான்போர்டும் பேர்க்லியும், உலகப் புகழ் பெற்ற கலைக்கோயில்கள், இடந்தேடி அலைந்தன. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்களின் தொகை இக்கணக்கில் எவ்விதப் பயனையும் தரவில்லை. இறுதியில் அத்திலாந்திக் கரையோரக் கூட்டில் அவற்றுக்காக வாக்கெடுப்பு நடந்தது. அப்போதிருந்த 15 வாக்குகளில் 12 தேவை. புளோரிடா மாநிலம், கிளெம்சன், வட கரோலினா என்னும் மூன்றும் எதிர்த்தன. சரியாக 12 வாக்குகள் கிடைத்தன. அவை விலை கொடுத்துப் பெற்ற வாக்குகள்: புதியவை இரண்டும் பல ஆண்டுகளுக்குத் தம் பங்கின் ஒரு பகுதியையே பெற்றுக்கொள்ள இசைந்தன.

அவற்றோடு சேர்ந்த மூன்றாவது, டல்லஸ் நகரத்துத் தென் மெதடிஸ்த பல்கலைக்கழகம். அது ஒளிபரப்புப் பணத்தில் ஒன்பது ஆண்டுகளுக்குத் தனக்குப் பங்கே வேண்டியதில்லை என்றது. செல்வம் மிக்க அதன் பழைய மாணவர் சில நாட்களுக்குள் 10 கோடி டொலர் திரட்டிக் கொடுத்தனர். இப்பல்கலைக்கழகம், ஆட்டக்காரருக்கு இரகசியமாகப் பணங்கொடுத்த குற்றத்துக்காக, 1987ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பருவம் முழுவதையும் தண்டனையாக இழந்தது. 2025ஆம் ஆண்டிலோ, நீதிமன்றத்தின் அங்கீகாரம் பெற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரருக்கு வெளிப்படையாகவே பணங்கொடுக்கலாம் என்றாயிற்று. முதலாவது ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் கொடுக்கக்கூடிய உச்சத்தொகை சுமார் 2 கோடியே 5 இலட்சம் டொலர்.

கலிபோர்னியாவிற் கணக்கு வேறொரு வடிவெடுத்தது. லொஸ் ஏஞ்சலிஸும் பேர்க்லியும் ஒரே ஆளுகைச் சபையின் கீழுள்ள இரு பிள்ளைகள். ஒரு பிள்ளையின் போக்கால் மற்றதற்கு நட்டம் வந்தமையால், போன பிள்ளை ஆண்டுதோறும் 1 கோடி டொலர் மற்றதற்குக் கொடுத்தல் வேண்டும் எனச் சபை 2024இல் தீர்ப்புச் செய்தது. வகுத்தற் கணக்கில் விடுபட்ட ஒரு தொகை, சிறிதளவேனும், கணக்குக்குள் வந்த ஓரிடம் இது.

விடுபட்டவை இன்னும் பல. ஸ்டான்போர்டிலிருந்து பொஸ்டனுக்கு ஏறக்குறைய 2,700 மைல். கடிகாரத்தில் மூன்று மணி நேர வேற்றுமை. உதைபந்தாட்ட அணி பருவத்தில் ஒரு சில தடவையே அவ்வாறு பறக்கும். ஆடுவது பெரும்பாலும் சனிக்கிழமை. கரப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம் முதலியவற்றின் நிலை அதுவன்று. கிழமையில் இரண்டு ஆட்டம். அவற்றுட் சில பாடநாட்களில். நள்ளிரவு கடந்து விமான நிலையத்தில் இறங்கி, காலை எட்டு மணி விரிவுரைக்குப் போகவேண்டிய மாணவி, தொலைக்காட்சியிற் பெரும்பாலும் காட்டப்படாத ஓர் ஆட்டத்துக்காக அத்தூரம் போய்வருகின்றாள். அவளை முன்னிட்டு எந்தக் கூட்டும் அமைக்கப்படவில்லை. இலாபம் உதைபந்தாட்டத்துக்கு, களைப்பு மற்றெல்லாருக்கும். 1895இற் கூடிய ஏழு தலைவர்களும் மாணவன் முதலில் மாணவனாய் இருத்தல் வேண்டும் என்பதற்காகவே கூடினர் என்பதை நினைக்கும்போது, அவர்கள் வழிவந்தோர் இக்கேள்வியை இறுதியாகவேனும் எழுப்பாதது வியப்புக்குரியது.

அயலவர் பகையும் பண்டமே, அதனையும் இழக்கலாம். டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அன்ட் எம்மும் 1915 தொடக்கம் ஆண்டு தவறாது ஆடிவந்தவை. 2011இன் பின் ஒன்று தென்கிழக்குக் கூட்டுக்குப் போக, அவ்வாட்டம் நின்றது. 2024இல் மற்றதும் அதே கூட்டில் வந்து சேர்ந்த பின்னரே அது மீண்டது. பாட்டனும் தந்தையும் பார்த்த ஆட்டத்தைப் பார்க்காமலே பல தொகுதி மாணவர் பட்டம் பெற்று வெளியேறிவிட்டனர்.

பரிகாரம் இல்லையா? உண்டு, அது புதிய கண்டுபிடிப்பும் அன்று. எல்லா விளையாட்டுக்களையும் ஒரே கூட்டிற் கட்டிவைக்க வேண்டும் என்ற நியதி எங்கும் இல்லை. நொட்டர்டாம் பல்கலைக்கழகம் உதைபந்தாட்டத்தில் எக்கூட்டிலும் சேராது தனித்து நிற்கின்றது. தன் ஏனைய விளையாட்டுக்களிற் பெரும்பாலானவற்றை 2013 முதல் அத்திலாந்திக் கரையோரக் கூட்டில் ஆடுகின்றது. பனி ஹொக்கியை மட்டும் பெரும்பத்தில் ஆடுகின்றது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் லக்ரோஸ் என்னும் ஒரே விளையாட்டுக்காகப் பெரும்பத்தோடு இணைந்திருக்கின்றது. ஆகவே உதைபந்தாட்டத்தைத் தொலைக்காட்சி விரும்பும் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, மற்ற விளையாட்டுக்களை அயலவரோடு பேருந்திற் போய் ஆடவிடுதல் இயலாத காரியமன்று. தடையாய் நிற்பது, புகழ்பெற்ற கூட்டின் பெயர் எல்லா அணிகளின் சட்டையிலும் இருத்தல் வேண்டும் என்ற ஆசையும், கூடைப்பந்தாட்டத்திலும் ஓரளவு பணம் இருப்பதுமே. பெரிய பல்கலைக்கழகங்கள் இதனை உடனே ஏற்பது ஐயத்துக்குரியது.

பசுபிக் கூட்டிற் கடைசியாக நின்றவை ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும். பத்து உறுப்பினர் போய் இரண்டே எஞ்சிய அவ்வேளையில், போகிறவர்கள் கூட்டின் நிதியை ஆளலாகாது என்று அவை வழக்காடி வென்றன. உதைபந்தாட்டத்தில் உயர்ந்த பிரிவுக் கூட்டு என மதிக்கப்பட எட்டு உறுப்பினர் வேண்டும். ஆகவே, தெரிவுசெய்யப்படாமையின் துன்பத்தை அறிந்த இவ்விரண்டும் தெரிவுசெய்யும் ஆசனத்தில் அமர்ந்தன. 2024 செப்டெம்பரில் மலைமேற்குக் கூட்டிலிருந்து பொய்சி மாநிலம், கொலராடோ மாநிலம், பிரெஸ்னோ மாநிலம், சான் டியேகோ மாநிலம், யூட்டா மாநிலம் என்னும் ஐந்தை அழைத்தன. 2025இல் டெக்சாஸ் மாநிலத்தையும் அழைத்தன. 2026 ஜூலை முதல் அவை சேர்வதென முடிவாயிற்று. ஆளிழந்த மலைமேற்குக் கூட்டு நட்டஈடு கேட்க, இரு கூட்டுக்களும் நீதிமன்றம் ஏறின. அழைக்கப்படாது நின்றவற்றுள் ஒன்று வயோமிங். 1998இல் டென்வர் விமான நிலையத்திலே, பிறரை விட்டுப் பிரிவதெனப் பேசிய தலைவர்களுள் அதன் தலைவரும் இருந்தார்.

குறைந்த இடத்தை நிரப்புவதற்காக மலைமேற்குக் கூட்டு, மலையே கண்டறியாத வட இல்லினோய்ப் பல்கலைக்கழகத்தை உதைபந்தாட்டத்துக்கு மாத்திரம் அழைத்தது. அதன் ஏனைய அணிகள் தம் அயலிலுள்ள வேறொரு கூட்டில் ஆடுவதென ஏற்பாடாயிற்று.